ஜன்னல் மாற்றும் முன்: யு.பி.வி.சி.யா, அலுமினியமா, மரமா?

கேள்வி: சென்னை திருவான்மியூரில், கடற்கரையிலிருந்து சுமார் 600 மீட்டர் தள்ளி எங்கள் வீடு. 1989-இல் கட்டியது. கீழ்த்தளத்தில் ஏழு மர ஜன்னல்கள். வடக்குப் பக்கத்து இரண்டில் நிலையின் அடிச்சட்டம் உளுத்து, கரையானும் ஏறிவிட்டது. மழைக்காலத்தில் கதவுகள் உப்பிக்கொண்டு மூட முடிவதில்லை. இப்போது மாடியில் இரண்டு படுக்கையறை எடுக்கிறோம். அதோடு கீழே உள்ள ஏழையும் மாற்றிவிடலாம் என்று எண்ணம். காண்டிராக்டர் எல்லாவற்றுக்கும் யு.பி.வி.சி. (கெட்டியான பிளாஸ்டிக்) ஸ்லைடிங் (பக்கவாட்டில் நகரும் கதவு) போடச் சொல்கிறார். ஆசாரி, மரத்துக்கு ஈடில்லை என்கிறார். தம்பி அலுமினியம்தான் என்கிறான். மாடியில் ஓர் அறை பஸ் போகும் சாலையைப் பார்த்தது, இன்னொன்று மேற்குப் பார்த்தது. இரட்டைக் கண்ணாடி போட்டால் சத்தமும் வெயிலும் குறையுமா?

பதில்: மூன்று பேரும் எந்தப் பொருள் என்றே பேசுகிறார்கள். நீங்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்த ஜன்னல் எப்படித் திறக்க வேண்டும் என்பதை. கடலோரத்தில் ஜன்னல் ஒழுகுகிறது என்றால் பெரும்பாலும் சட்டத்தின் பொருள் காரணமாக இருக்காது. கதவு நகரும் தடமான அடி டிராக்கில் ஒழுகும், அல்லது சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒழுகும். இந்த இரண்டையும் சரியாகச் செய்தால் மூன்று பொருளுமே நிற்கும். தவறாகச் செய்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதும் முதல் ஐப்பசி மழையிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

காண்டிராக்டர் சொல்லும் ஸ்லைடிங்கை எடுத்துக்கொள்வோம். ஸ்லைடிங்கில் மழைத்தண்ணீர் அடி டிராக்குக்குள் இறங்குவது இயல்புதான். இறங்கிய தண்ணீர், டிராக்கின் வெளிப்பக்கம் வெட்டியிருக்கும் வடிதுளை வழியாக வெளியே போக வேண்டும். ஆனால் காற்று வெளியிலிருந்து அழுத்தும்போது அந்தத் துளை வழியாகத் தண்ணீர் இறங்காது, டிராக்கிலேயே ஏறி நிற்கும். கணக்கு எளிது. மணிக்கு 80 கி.மீ. காற்று சுவரில் தரும் அழுத்தம் ஏறத்தாழ 290 பாஸ்கல். அது சுமார் 30 மி.மீ. உயரத் தண்ணீரைத் தாங்கி நிறுத்தப் போதும். டிராக்கின் உள்பக்க விளிம்பு 30 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் தண்ணீர் அதைத் தாண்டி உங்கள் தரைக்கு வரும். சாதாரண வீட்டு ஸ்லைடிங் செக்ஷன் பலவற்றில் இந்த விளிம்பு 20, 25 மி.மீ.தான். காற்று 120 கி.மீ. ஆகிவிட்டால், 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது சென்னை பார்த்ததைப் போல, தேவைப்படும் உயரம் 65 மி.மீ.யைத் தாண்டிவிடும். அந்த அளவு விளிம்புள்ள ஸ்லைடிங்கை யாரும் வீட்டுக்குப் போடுவதில்லை. இந்திய காற்றுச் சுமைத் தரம் ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி சென்னைக்குக் கொடுக்கும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வடகிழக்குப் பருவமழை அடிப்பது வடக்கிலும் கிழக்கிலும். ஆகவே அந்த இரண்டு பக்கத்துக்கும் ஸ்லைடிங் வேண்டாம். கீல் வைத்து வெளிப்புறம் திறக்கும் கதவு, கடைகளில் ‘ஓப்பனபிள்’ அல்லது ‘கேஸ்மென்ட்’ என்பார்கள், அதைப் போடுங்கள். அதில் காற்று அடிக்க அடிக்கக் கதவு ரப்பர் கேஸ்கெட்டின் மேல் இன்னும் இறுகத்தான் செய்யும். ஸ்லைடிங்கில் இருப்பதோ பிரஷ் போன்ற மயிர்ப்பட்டை. அது தூசியை ஓரளவு தடுக்கும், தண்ணீரை அல்ல. பால்கனிக்குள் இருக்கும் ஜன்னல், அகலமான தாழ்வாரத்தின் கீழ் வரும் ஜன்னல் ஆகியவற்றுக்கு ஸ்லைடிங் தாராளமாகப் போடலாம்.

ஸ்லைடிங்குக்கு எதிராக இன்னொரு கணக்கும் உண்டு: காற்றோட்டம். வெப்பமும் ஈரப்பதமும் உள்ள ஊர்களில் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறப்பு வேண்டும் என்கிறது தேசியக் கட்டடத் தொகுப்பு. 11 அடிக்கு 12 அடி அறை என்றால் 132 சதுர அடி. ஆறில் ஒன்று 22 சதுர அடி. 4 அடிக்கு 4½ அடியில் இரண்டு ஜன்னல் இருந்தால் 36 சதுர அடி, போதும் என்று தோன்றும். இரண்டையும் ஸ்லைடிங்காக மாற்றினால் ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும்: 18 சதுர அடி. சட்டத்தின் தடிமனையும் கொசுவலையையும் கழித்தால் இன்னும் குறையும். ‘ஜன்னலை மாற்றியதிலிருந்து வீடு புழுங்குகிறது’ என்று சிலர் சொல்வதற்கு இதுதான் காரணம், யு.பி.வி.சி. அல்ல.

வெளியே திறக்கும் கதவு என்றதும் கிரில், கொசுவலைக் கேள்வி வரும். ஆர்டர் கொடுக்கும் முன்பே அதைத் தீர்த்துவிடுங்கள். பிறகு யோசித்தால் இடம் இருக்காது. வெளியிலிருந்து உள்ளே வரிசை இதுதான்: முதலில் கண்ணாடிக் கதவு, நடுவில் கிரில், உள்ளே அறைப்பக்கம் திறக்கும் வலைக்கதவு. கிரில் வழியாகக் கைவிட்டுத்தான் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். ஆகையால் கைப்பிடி வரும் உயரத்தில் கம்பி குறுக்கே வராதபடி வரைபடத்தில் குறித்துக் கொடுங்கள். கம்பி இடைவெளி 4 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, குழந்தையின் தலை நுழையாமல் இருக்க. படுக்கையறை ஒவ்வொன்றிலும் ஒரு கிரிலாவது உள்ளிருந்து பூட்டித் திறக்கும்படி இருக்கட்டும். தீ விபத்து என்றால் வெளியேற வேறு வழி இருக்காது.

இப்போது கீழ்த்தளம். ஏழையும் ஏன் மாற்ற வேண்டும்? கூர்மையான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு நிலையிலும் அடிச்சட்டத்தின் இரு முனைகளிலும், இரு கால்களின் கீழ் ஓர் அடியிலும் குத்திப் பாருங்கள். முனை 2, 3 மி.மீ.க்கு மேல் இறங்கவில்லை, தட்டினால் பொத்தென்று ஒலிக்கவில்லை, சுவர் ஓரத்தில் மண்கூடு இல்லை என்றால் அந்த நிலை நன்றாக இருக்கிறது. அந்தக் கால மரத்தை இன்றைய விலைக்கு வாங்க முடியாது. எடுத்து எறிவது வீண். கதவு உப்புவதற்குக் காரணம் பெரும்பாலும் பெயின்ட் படாத அடிவிளிம்பு. கதவைக் கழற்றி, கோடையில் நன்றாகக் காய்ந்திருக்கும்போது 3 மி.மீ. இழைத்து, அடிவிளிம்பு, மேல்விளிம்பு உட்பட ஆறு பக்கமும் பிரைமரும் இரண்டு கோட் எனாமலும் அடித்தால் தீரும். மழைக்காலத்தில் இழைக்க வேண்டாம்; சித்திரையில் இடைவெளி விழும். அடிச்சட்டம் மட்டும் உளுத்திருந்தால், கால்களை நல்ல மரம் வரை அறுத்து, ஒட்டுப் போட்டு, புது அடிச்சட்டம் சேர்க்க உங்கள் ஆசாரிக்குத் தெரியும். அவர் சொல்வதில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. கரையான் ஏறிய வடக்கு ஜன்னல் இரண்டையும் முழுதாக எடுத்துவிடுங்கள். எடுத்த திறப்பில் சுவருக்குள் கரையான் மருந்து செலுத்தாமல் புது ஜன்னல் வைக்காதீர்கள். யு.பி.வி.சி.யை அது தின்னாது. பக்கத்து நிலைக்குப் போகும்.

சிலர் பழைய நிலையை அப்படியே விட்டுவிட்டு, அதற்குள் புதுச் சட்டத்தைத் திருகிக் கொடுப்பார்கள். ஒரே நாளில் முடியும், சுவர் உடையாது. ஆனால் ஒவ்வொரு பக்கமும் 2 முதல் 3 அங்குலம் வெளிச்சமும் காற்றும் போகும், உளுத்த மரம் உள்ளேயே இருக்கும். நிலை நல்ல நிலையில் இருந்தால் இது ஒரு வழி. உங்கள் வடக்குப் பக்கத்துக்கு அல்ல. நிலையை எடுக்கும் முன் மேலே கான்கிரீட் லிண்டல் (மேல்சுவரைத் தாங்கும் விட்டம்) இருக்கிறதா என்று பூச்சைக் கொஞ்சம் தட்டிப் பாருங்கள். 1989 வீட்டில் இருக்கும். ஆனால் பழைய வீட்டின் ஒட்டுப்பகுதி ஏதாவது இருந்தால், அங்கே செங்கலை நிலைமேலேயே அடுக்கியிருக்கக் கூடும். அப்படி இருந்தால் முட்டுக் கொடுத்து லிண்டல் போட்ட பிறகுதான் நிலையில் கை வைக்க வேண்டும்.

பொருளுக்கு வருகிறேன். உங்கள் தூரத்தில் உப்புக்காற்று தினமும் உண்டு. அதனால் புதிதாகப் போடுபவற்றுக்கு என் தேர்வு யு.பி.வி.சி.தான். ஆனால் அந்தப் பெயரில் விற்பதெல்லாம் ஒன்றல்ல. ஜன்னல் சட்டத்தின் வெளியே தெரியும் பக்கச்சுவரின் தடிமன் 2.8 மி.மீ. இருக்க வேண்டும். 2 மி.மீ.யில் மலிவாக ஓடும் சரக்கு சில வெயிலில் மஞ்சளாகி, பிறகு நொறுங்கத் தொடங்கும். வெட்டுத்துண்டு ஒன்று கேட்டு வாங்கி, வெர்னியர் (தடிமன் அளக்கும் கருவி) வைத்து அளந்து பாருங்கள். சட்டத்தின் உள்ளே இருக்கும் பொந்தில் துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம் செருகியிருக்க வேண்டும், குறைந்தது 1.5 மி.மீ. தடிமனில். இங்கேதான் மிச்சம் பிடிப்பார்கள்: வெளிச்சட்டத்தில் போட்டுவிட்டுக் கதவில் விட்டுவிடுவார்கள். இரும்பு இல்லாத கதவு இரண்டு கோடையில் தொய்ந்து, பூட்டு சேராமல் நிற்கும். சோதிக்கச் சுலபமான வழி, பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த வலுவான காந்தம். சட்டத்திலும் கதவிலும் நாலு பக்கமும் நகர்த்திக்கொண்டு போங்கள். இரும்பு இருக்கும் இடத்தில் லேசாக இழுக்கும், முடியும் இடத்தில் விட்டுவிடும். ஜன்னல் பட்டறையிலிருந்து இறங்கியவுடன், சுவரில் ஏற்றும் முன் இதைச் செய்யுங்கள்.

அடர் நிறம் கேட்காதீர்கள். மேற்கு வெயிலில் அடர்பழுப்பு ஃபிலிம் ஒட்டிய சட்டம் வெள்ளையைவிட மிக அதிகமாகச் சூடாகும், வளைவதும் அதிகம். கேஸ்மென்ட் கதவின் அகலம் 2½ அடியைத் தாண்ட வேண்டாம். 5 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 12.5 கிலோ. 2½ அடிக்கு 4 அடிக் கதவில் கண்ணாடி மட்டுமே ஏறத்தாழ 11½ கிலோ, முழுப் பாரமும் இரண்டு உராய்வுக் கீலில். அந்தக் கீலும் திருகும் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) 304-க்குக் குறைவாக இருக்கக் கூடாது. 316 கிடைத்தால் கடலோரத்துக்கு அதுதான். பல புள்ளிகளில் பூட்டும் லாக் கேளுங்கள். ஒரே கைப்பிடி நடுவில் மட்டும் பூட்டினால் மேல்மூலையும் கீழ்மூலையும் காற்றில் பிரிந்து, அங்கிருந்து நீர் கசியும்.

உங்கள் தம்பி சொல்வதும் தவறில்லை. மூலைகளை 45 டிகிரியில் வெட்டி உள்ளே இறுக்கிய, 1.5 மி.மீ.க்கு மேல் தடிமனுள்ள நல்ல அலுமினிய ஜன்னல் நெடுநாள் நிற்கும், சட்டமும் மெல்லிதாக இருக்கும். விலை யு.பி.வி.சி.யைவிடக் கூடும். தெருவில் உள்ள கடையில் வெட்டித் திருகித் தருவது வேறு ஜாதி: மூலைகள் நேராக வெட்டித் திருகப்பட்டவை, அந்த இடுக்குதான் ஒழுகும். அலுமினியம் எடுத்தால் பவுடர் கோட்டிங் 60 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. ஈர சிமென்ட் அலுமினியத்தை அரித்துக் கறையாக்கும். பூச்சு முடியும்வரை பாதுகாப்பு டேப் இருக்கட்டும், முடிந்ததும் உடனே உரித்துவிடுங்கள். வெயிலில் மாதக்கணக்கில் விட்டால் பசை ஒட்டிக்கொண்டு வராது.

கண்ணாடி: 5 மி.மீ. டஃபன்ட் (சூடாக்கி உறுதியாக்கிய கண்ணாடி) போதும். மூலையில் அழியாத முத்திரை இருக்கிறதா பாருங்கள். முத்திரை இல்லாததை டஃபன்ட் என்று ஏற்க வேண்டாம். டஃபன்ட் ஆக்கிய பிறகு வெட்டவோ துளைக்கவோ முடியாது. அளவு தவறினால் புதிதாகத்தான் செய்ய வேண்டும், அதனால் அளவில் அவசரம் வேண்டாம்.

இரட்டைக் கண்ணாடி பற்றி. சாலைச் சத்தம் நுழைவது முதலில் இடுக்குகள் வழியாக. ஸ்லைடிங்கில் எந்தக் கண்ணாடி போட்டாலும் மயிர்ப்பட்டை வழியே சத்தம் வரும். அந்த அறைக்கு கேஸ்மென்ட்டும், இரண்டு கண்ணாடிக்கு நடுவே பி.வி.பி. படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடியும், குறைந்தது 3 + 0.76 + 3 மி.மீ., போடுங்கள். வித்தியாசம் தெரியும், இரட்டைக் கண்ணாடியைவிடச் செலவும் குறைவு. இரட்டைக் கண்ணாடியின் விளிம்பு சீல் சரியில்லாவிட்டால் ஈரக்காற்று உள்ளே போய், நடுவில் பனிபிடிக்கும். அதைத் துடைக்க வழியில்லை, அந்தக் கண்ணாடியையே மாற்ற வேண்டும். இன்னொன்று: ஜன்னலைத் திறந்த நொடியில் எந்தக் கண்ணாடிக்கும் வேலை இல்லை. அந்த அறையில் ஏ.சி. போட்டு மூடித் தூங்கப் போகிறீர்களா என்பதைப் பொறுத்து இந்தச் செலவை முடிவு செய்யுங்கள்.

வெயில் வேறு கணக்கு. நம் ஊரில் ஜன்னல் வழியே வரும் சூட்டில் பெரும்பங்கு, நேர்வெயில் கண்ணாடி வழியாக நுழைவதுதான். சாதா இரட்டைக் கண்ணாடி அதில் சிறு பகுதியைத்தான் குறைக்கும். மேற்கு அறைக்கு 2 அடி சன்ஷேட் போட்டுவிட்டு முடிந்தது என்று இருக்காதீர்கள். பங்குனியில் மாலை 4 மணிக்கு சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 30 டிகிரி உயரத்தில் இருக்கும். அப்போது 2 அடி சன்ஷேட்டின் நிழல் 1¼ அடிக்குத்தான் இறங்கும்; 4 அடி ஜன்னலில் மிச்சம் முழுதும் வெயில். வெளிப்பக்கம் மூங்கில் தட்டியோ, செங்குத்துப் பட்டையோ வையுங்கள். திரைச்சீலை உள்ளே நுழைந்துவிட்ட சூட்டைத் திருப்பி அனுப்பாது. முடிந்தால் மேற்கில் ஜன்னலையே சிறிதாக்கி, அந்த அறைக்கு வடக்கிலோ தெற்கிலோ பெரியதாக ஒன்று கொடுங்கள். கட்டும் முன் இதற்குச் செலவே இல்லை.

மாடி புதிதாகக் கட்டுவதால் இன்னும் சிலதைக் கையில் வைத்துக்கொள்ளலாம். சன்ஷேட் ஜன்னலைவிட இரு பக்கமும் 6 அங்குலம் கூடுதலாக வரட்டும். அடிப்பக்கம் வெளிவிளிம்பை ஒட்டி ஒரு காடி (நீளமான பள்ளக்கோடு) எடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் தண்ணீர் அடியிலேயே ஊர்ந்து ஜன்னலின் மேல்சட்டத்துக்கு வரும். ஜன்னலடி கிரானைட்டில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ஒரே பலகையை உள்ளிருந்து வெளிவரை மட்டமாகப் போட்டு, அதன்மேல் ஜன்னலை உட்கார வைப்பார்கள். சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே ஒரு மி.மீ. சந்து கிடைத்தால் தண்ணீர் நேராக அறைக்குள். உள்பலகை ஒன்று, வெளிப்பலகை ஒன்று எனப் பிரித்து, வெளிப்பலகை 15 முதல் 20 மி.மீ. தாழ்வாக, வெளிப்புறம் சரிந்து, சுவரைத் தாண்டி ஓர் அங்குலமாவது நீண்டு, அடியில் காடியுடன் இருக்க வேண்டும்.

அளவெடுப்பது பூச்சு முடிந்த பிறகு. அகலம் மூன்று இடத்தில், உயரம் மூன்று இடத்தில். இரண்டிலும் சிறியதை எடுங்கள். மூலைவிட்டம் இரண்டும் 5 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் கொத்தனார் திருத்தட்டும், ஜன்னல்காரர் அல்ல. சட்டம் திறப்பைவிட ஒவ்வொரு பக்கமும் 5 முதல் 8 மி.மீ. சிறியதாக இருக்க வேண்டும். இடைவெளி ஓர் அங்குலம் வந்தால் ஃபோம் அடித்து மறைத்துவிடுவார்கள். ஃபோம் தண்ணீரை நிறுத்தாது. மூலையிலிருந்து 6 அங்குலத்தில் முதல் ஃபாஸ்டனர் (சட்டத்தைச் சுவரோடு பிடிக்கும் திருகு), பிறகு 2 அடிக்கு மிகாமல். ஸ்லைடிங் என்றால் அடி டிராக்கில் துளைபோட்டுத் திருக விடாதீர்கள். தண்ணீர் தேங்கும் இடமே அது. திருகுத் துளை வழியாகச் சுவருக்குள் இறங்கும்.

வெளிச்சந்தில் சிலிக்கான் அடிக்கும் முன் அந்த ஓரத்தில் பட்டியோ (பெயின்டுக்கு முன் பூசும் வெள்ளை மாவுப்பூச்சு) சுண்ணாம்போ இருந்தால் சுரண்டி, சிமென்ட் பூச்சு தெரியும்படி செய்ய வேண்டும். பட்டியின் மேல் ஒட்டிய சிலிக்கான், பட்டியோடு சேர்ந்து உரியும். வெயில் படும் சுவருக்கு நியூட்ரல் வகைதான்; டியூபைத் திறந்ததும் வினிகர் நெடி மூக்கில் ஏறினால் அது வேண்டாம். பிறகு வடிதுளைகளைப் பாருங்கள்: இரு முனையிலும் திறந்திருக்கிறதா, சிமென்டோ சிலிக்கானோ அடைத்திருக்கிறதா என்று. அடிச்சட்டத்துக்குள் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் வெளியே ஓட வேண்டும்.

கொட்டேஷனில் ‘யு.பி.வி.சி. ஜன்னல், சதுர அடிக்கு இவ்வளவு’ என்ற ஒரு வரி போதாது. புரொஃபைல் (சட்டத்துக்கான பிளாஸ்டிக் துண்டு) யார் தயாரிப்பு, சுவர்த் தடிமன், சட்டத்திலும் கதவிலும் இரும்பின் தடிமன், கண்ணாடி வகை, கீலும் பூட்டும் எந்த எஸ்.எஸ்., வலை, கிரில், சாரம், சிலிக்கான், ஜி.எஸ்.டி. சேர்ந்ததா தனியா என்று எழுத்தில் வாங்குங்கள். பத்து சதவீதப் பணத்தைத் தண்ணீர்ச் சோதனை முடியும்வரை நிறுத்திவைக்க முன்பே பேசிக்கொள்ளுங்கள். சோதனைக்கு மழை தேவையில்லை. தோட்டக் குழாயில் முதலில் அடிச்சட்டத்தில் பத்து நிமிடம், பிறகு பக்கங்களில், கடைசியாக மேலே அடியுங்கள். உள்ளே ஒருவர் டார்ச்சோடு நிற்கட்டும். கீழே அடிக்கும்போதே ஈரம் தெரிந்தால் கிரானைட் சந்து. பக்கத்தில் அடிக்கும்போது வந்தால் சிலிக்கான். மேலே அடித்த பிறகுதான் வருகிறது என்றால் கேஸ்கெட் மூலையையோ சன்ஷேட் சேரும் சுவரையோ பார்க்கச் சொல்லுங்கள்.